எயிட் எக்ஸ் ஒன்

"சார், இந்த டேங்க் என்ன கலர்?"

மெக்கானிக் கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆனால் அதை அவன் கேட்ட நேரத்தில், ஆய்வாளரின் நான்கு மாதப் புது மோட்டார் சைக்கிள் வீடு மாற்றும்போது கழற்றிப் போட்ட கட்டில் மாதிரி பட்டறைத் தரை முழுக்கப் பரவிக் கிடந்தது. இனித் திரும்பிப் போக வழியில்லை.

"கறுப்புதான். பார்த்தா தெரியலையா?" என்று ஆய்வாளர் கைப்பேசியில் இருந்த போட்டோவை நீட்டினார்.

"இது கறுப்பு வெள்ளைப் படம் சார். பின்னாடி நிக்கற மரம்கூடத்தான் இதுல கறுப்பா இருக்கு. மரம் கறுப்பா சார்?"

ஆய்வாளர் மரத்தைப் பார்த்தார். அவன் சொல்வதும் சரிதான்.

ஆய்வாளர் என்றதும் போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். கடைத் தராசு, எடைக்கல், அளவுகோல், லிட்டர்க் கப்பு ஆகியவற்றைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் ஆய்வாளர். ஒரு கிலோக் கல்லில் இரண்டு கிராம் குறைந்தால் கையில் தூக்கியதுமே சொல்லிவிடுவார். கடைக்காரர்கள் அவரைக் கண்டால் நடுங்குவார்கள். வீட்டில் யாரும் நடுங்கியதாகத் தகவல் இல்லை.

மெக்கானிக்கோ புது வண்டியைப் பழைய வண்டி போல மாற்றுவதில் பேர் போனவன். பிளாஸ்டிக்கை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, குண்டு ஹெட்லைட், ஸ்போக் வீல், ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், வட்ட மீட்டர் என்று பொருத்தி, நேற்று ஷோரூமிலிருந்து வந்த வண்டிக்கு அறுபது வயது ஏற்றிவிடுவான். ஆசைப்பட்டு வாங்கிய புது வண்டியை அவன் கையில் கொடுக்கும் அளவுக்கு ஆய்வாளருக்குப் பித்துப் பிடித்ததற்குக் காரணம் அப்பா.

அப்பா பேசுகிற ஆள் இல்லை. 'ம்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டே எழுபத்தைந்து வருடத்தை ஓட்டியவர். ஆய்வாளர் பள்ளியில் முதல் மார்க் வாங்கியபோது "ம்" என்றார். வேலை கிடைத்தபோது "ம்". வீடு கட்டி அழைத்துக்கொண்டு போய்க் காட்டியபோது மாடி வரைக்கும் ஏறிப் பார்த்துவிட்டு "ம்". 'நல்லா இருக்கு' என்று அவர் எதைப் பற்றியும் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஐம்பது வயதில் அப்பாவிடம் ஒரு 'நல்லா இருக்கு' வாங்க ஏங்குவது வெட்கக்கேடுதான். ஆய்வாளர் ஏங்கினார்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு எழுபத்தைந்தாவது பிறந்த நாள். அப்பா வீட்டு ஹாலில், நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு போட்டோ தொங்குகிறது. தோல் தொப்பி, பெரிய கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர் சகிதமாக மோட்டார் சைக்கிள் மேல் அப்பா ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் போட்டோ. சின்ன வயதில் பிள்ளைகள் மூன்று பேரும் விசாரித்திருக்கிறார்கள்.

"இது நீங்களாப்பா?"

"ம்."

"வண்டி இப்ப எங்கப்பா?"

"ம்."

"வித்துட்டீங்களா?"

"ம்."

இந்த மூன்று 'ம்'மை அஸ்திவாரமாக வைத்துத்தான் குடும்ப வரலாறே எழும்பியது. பள்ளிக்கூடத்தில் மூன்று பேரும் அந்த வண்டியைச் சொல்லியே பெஞ்சில் ஓர இடம் பிடித்தார்கள். இப்போது அதே வண்டியை அச்சு அசலாகச் செய்து, பிறந்த நாளன்று அப்பா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால்? கல்லும் கரையும். 'ம்' கரையாதா?

"கேட்டுச் சொல்றேன்" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு ஆய்வாளர் பஸ் பிடித்தார். வண்டிதான் தரையில் கிடக்கிறதே.

*

"இதுல என்னண்ணா சந்தேகம்? கருஞ்சிவப்பு" என்றாள் தங்கை போனில். "மாதுளம்பழத் தோல் கலர். என்னை டேங்க் மேல உக்கார வெச்சுத்தானே அப்பா கூட்டிட்டுப் போவார்."

"பச்சைண்ணா" என்றான் தம்பி. "கரும்பச்சை. சைலன்சர்ல கால் சுட்டுக்கிட்டேனே, இன்னும் தழும்பு இருக்கே!"

"அது இஸ்திரிப் பெட்டி சுட்டது இல்லையா?"

"அது இன்னொரு கால்."

மெக்கானிக்கிடம் கறுப்பு என்று சொன்ன ஆய்வாளருக்கோ, இப்போது நீலம் என்று திட்டவட்டமாக ஞாபகம். அந்த நீலத்தில் முகம் பார்த்துத் தலை வாரியது வரைக்கும் ஞாபகம்.

"ஏங்க," என்றாள் அவர் மனைவி. "உங்கப்பா நல்லா, திடமா, சேர்ல உக்காந்திருக்கார். போய்க் கேட்டா என்ன?"

"சொல்லாம செஞ்சு அசத்தணும்."

"சரி, அத்தையைக் கேளுங்க."

"அம்மாகிட்ட ரகசியம் சொல்றதும் மைக் வெச்சுச் சொல்றதும் ஒண்ணு."

"அப்ப அசத்துங்க" என்று அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பெண்பிள்ளை சொல்வதில் பிசகு இருக்காது என்று ஆய்வாளர் கருஞ்சிவப்பு அடிக்கச் சொன்னார். பெயிண்ட் காய்வதற்குள் தம்பி பட்டறைக்கே வந்து நின்றான்.

"அக்கா சொன்னா வேதவாக்கு, நான் சொன்னா காத்துல போற பேச்சா? எனக்கு ஒரு கால் தழும்பு இருக்குண்ணா. அவளுக்கு என்ன இருக்கு? நான் பிறந்த நாளுக்கு வரலை, போ."

பார்த்தார் ஆய்வாளர். ஒரு யோசனை தோன்றியது. மற்றவர்களுக்குத் தலைவலி வருவது போல அவருக்கு யோசனை வரும்.

"டேங்க்கோட வலது பக்கம் சிவப்பு இருக்கட்டும். இடது பக்கம் பச்சை அடிச்சிரு. ஒரு பக்கம் நிக்கறவருக்கு மறுபக்கம் தெரியாது."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "சார், அப்படி ஒரு வண்டி உலகத்துல எங்கயும் வந்ததில்லை."

"உலகத்துக்கா செய்யறோம்? எங்கப்பாவுக்குச் செய்யறோம். அப்படியே முன் மட்கார்டை நீலம் பண்ணிரு."

"அது யாருக்கு சார்?"

"அது எனக்கு."

*

"எனக்குத் தெளிவான படம் வேணும் சார்" என்றான் மெக்கானிக் மறு வாரம். "போட்டோவைப் பிரேம்லேர்ந்து எடுத்துட்டு வாங்க. நுணுக்கமா பார்க்கணும்."

ஆய்வாளர் அப்பா வீட்டுக்குப் போனார். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "எப்படி இருக்கீங்கப்பா?" என்றதற்கு "ம்" என்றார். அம்மா உள்ளே போன சமயமாகப் பார்த்து ஆய்வாளர் நாற்காலி போட்டு ஏறி, பிரேமில் கை வைத்தார். அம்மாவுக்குத்தான் முதுகிலும் கண் இருக்கிறதே.

"டேய்! அதைத் தொடாதே! எவ்வளவு நல்ல பிரேம் தெரியுமா? கண்ணாடில ஒரு கீறல் விழுந்தா தொலைச்சுருவேன்."

"சும்மா தூசி தட்டலாம்னும்மா..."

"உன் வீட்டுத் தூசியைத் தட்டு போ. காலைலதான் தொடைச்சேன்."

இறங்குவதற்குள் கைப்பேசியை ஒட்டிவைத்து நாலு படம் எடுத்துவிட்டார். அதுவே போதும் என்று மெக்கானிக் அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

ஒன்றல்ல, இரண்டு பூதம். படத்தின் வலது மூலையில், பின் மட்கார்டின் மேல், சின்னதாக ஏதோ எழுதியிருந்தது. பாதியைப் பிரேமின் ஓரம் மறைத்திருந்தது. தெரிந்த வரைக்கும் 8 X 1.

"வண்டி நம்பரா சார்? நம்பர்ல எக்ஸ் எதுக்கு வருது?"

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். நாள் முழுக்க அளவுகோலிலும் எடைக்கல்லிலும் பொடி எண்களைப் படிக்கிற கண்.

"இது வண்டி நம்பர் இல்லப்பா" என்றார். "ரேஸ் நம்பர். எயிட் எக்ஸ் ஒன். எங்கப்பா ரேஸ் ஓட்டியிருக்கார்!"

செய்தி போனில் பறந்தது.

"அண்ணா! அந்த வெள்ளிக் கப்பு!" என்று தங்கை அலறினாள். "அம்மா சோப்புத்தூள் அளந்து போடறாங்களே, அது ரேஸ்ல வாங்கினதுதான்!"

"அது கால் லிட்டர் அளவுக் கப்பும்மா. அடியில முத்திரை இருக்கு, நானே பார்த்திருக்கேன்."

"அளவுக் கப்பைப் பரிசாக் கொடுக்கக் கூடாதுன்னு சட்டமா?"

அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆய்வாளருக்குச் சட்டம் தெரியும்.

"அதான் அப்பா படி ஏறறப்ப முட்டியைப் பிடிச்சுக்கறார்" என்றான் தம்பி தழுதழுத்து. "ரேஸ்ல விழுந்திருக்கார். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேண்ணா."

"எங்கப்பாவும்தான் முட்டியைப் பிடிச்சுக்கறார்" என்றாள் ஆய்வாளரின் மனைவி பக்கத்தில் இருந்து. "அவர் எந்த ரேஸ்ல விழுந்தார்?"

அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின் மட்கார்டில் வெள்ளை வட்டம் போட்டு, நடுவில் 8 X 1 என்று மெக்கானிக் அழகாக எழுதினான். அந்த இடத்தில் ஆய்வாளருக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் பெரிதாகவே எழுதச் சொன்னார்.

இரண்டாவது பூதம் படத்தின் இடது ஓரத்தில் இருந்தது. இன்னொரு சக்கரத்தின் பாதி.

"பக்கத்துல வேற வண்டி நின்னிருக்கும்" என்றான் மெக்கானிக் அவசரமாக. வரப்போகிற ஆபத்து அவனுக்குப் புரிந்துவிட்டது.

தங்கை விடவில்லை. "சைடு கார்! அண்ணா, அப்பா வண்டியில சைடு கார் இருந்துச்சு! நான் அதுலதான் உக்காந்து போவேன். மடியில பூனை வெச்சுக்கிட்டு."

"டேங்க் மேல உக்காந்து போனேன்னியே?"

"பூனை இல்லாதப்ப டேங்க் மேல."

ஒற்றைச் சக்கரம் வைத்து, வண்டியின் இடுப்பில் பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற தொட்டிதான் சைடு கார். மெக்கானிக் தகரத்தை வளைத்து, குட்டிப் படகு போல ஒன்று செய்து, இடது பக்கம் பூட்டினான். பூட்டியதும் டேங்கின் இடது பக்கம் மறைந்தது. தம்பியின் பச்சை அந்தப் பக்கம்தான்.

"திட்டம் போட்டு மறைக்கறீங்க" என்று தம்பி போனை வைத்துவிட்டான்.

சைடு கார் முழுவதையும் பச்சை அடிக்கச் சொன்னார் ஆய்வாளர்.

"சார்," என்றான் மெக்கானிக், மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து. "நான் இதுவரைக்கும் இருபத்திரண்டு வண்டியைப் பழசாக்கியிருக்கேன். இந்த ஒரு வண்டிதான் சார் என்னைப் பழசாக்கிருச்சு. இப்ப இது இடது பக்கம் திரும்பாது. நேராப் போனாலும் சைடு காரைப் பார்த்துச் சாயும். புது வண்டிங்கறதால உதைச்சு ஸ்டார்ட் பண்ண கிக்கரும் கிடையாது. நீங்க கேட்டீங்களேன்னு சும்மா பார்வைக்கு ஒண்ணு மாட்டியிருக்கேன். காலால உதைக்கற மாதிரி உதைங்க, கையால சீட்டுக்கு அடியில இருக்கற பட்டனை அழுத்துங்க. ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கணும்."

"சத்தம்?"

"என்ன சத்தம்?"

"அப்பா வண்டி சத்தம் வேற மாதிரி இருக்கும்."

தங்கையும் தம்பியும் வாயாலேயே சத்தம் போட்டுப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார்கள். ஒன்று 'டுபுடுபுடுபு'. மற்றது 'தட்தட்தட்'. ஆய்வாளர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். மெக்கானிக் எழுந்து வெளியே போய், தெருக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு வந்தான்.

*

பிறந்த நாள் காலை. தம்பி வந்துவிட்டான், பச்சையைக் காப்பாற்ற. தங்கை வந்துவிட்டாள், சிவப்பைக் காப்பாற்ற. மனைவி, நடப்பதைப் பார்க்க வந்திருந்தாள். மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். இடது பக்கம் திரும்பாது என்பதால், அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு வலது பக்கமாகவே ஊரைச் சுற்றி முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தான்.

அப்பா வீட்டு வாசலில் வண்டி நின்றது. கேட் குறுகல். சைடு கார் அகலம்.

அலுவலகத்தில் ஒரு மில்லிமீட்டருக்காகக் கடைக்காரர்களை அழவைத்த மனிதர், கேட்டை அளக்க மறந்துவிட்டார்.

"அளந்திருக்கலாமேங்க" என்றாள் மனைவி.

"இப்ப அதைப் பேசி என்ன பிரயோஜனம்?"

"இல்ல, உங்க வேலையே அதுதானேன்னு சொன்னேன்."

தம்பியும் மெக்கானிக்கும் கேட்டைக் கீலிலிருந்து நெம்பினார்கள். சத்தம் இல்லாமல் நெம்பச் சொன்னார் ஆய்வாளர். நாற்பது வருடத் துரு சொன்ன பேச்சைக் கேட்குமா? கிறீச்சென்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். கேட் தம்பியின் கால் மேல் விழுந்தது.

"எந்தக் கால்?" என்று கேட்டாள் தங்கை.

"எவன்டா அது கேட்டைக் கழட்டறது?" என்று கையில் துடைக்கிற துணியோடு அம்மா ஓடி வந்தாள். வந்தவள் வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவுக்குப் பின்னால், மடித்த பேப்பருடன், சாவகாசமாக அப்பா வந்தார்.

ஆய்வாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் ஓட வைத்தார். சீட்டில் ஏறி, வலது காலால் ஓங்கி உதைத்து, இடது கையால் பட்டனை அழுத்தினார். பார்வைக்கு மாட்டியிருந்த கிக்கர் கழன்று பூத்தொட்டியில் போய் விழுந்தது. நல்லவேளையாக வண்டி கிளம்பியது. 'டுபுதட் டுபுதட்' என்று உறுமியது. இரண்டு பேர் மனமும் கோணக் கூடாது என்று மெக்கானிக் செய்த ஏற்பாடு.

அப்பா படியிறங்கினார். முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். தம்பி "பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது பக்கம் சிவப்பைப் பார்த்தார். முன்னால் நீலத்தைப் பார்த்தார். இடது பக்கம் பச்சைப் படகைப் பார்த்தார். பின்னால் வந்து, வெள்ளை வட்டத்துக்கு முன்னால் நின்று, 8 X 1 என்பதை விரலால் ஒருமுறை தடவினார். ஆய்வாளர் சீட்டில் இருந்தபடியே பின்னால் திரும்பி அப்பாவைப் பார்த்தார். புது வண்டி போனால் போகட்டும், ஒரு மாதம் பஸ்ஸில் நசுங்கினதும் போகட்டும், அந்த இரண்டு வார்த்தை வந்தால் போதும்.

அப்பா வாயைத் திறந்தார். 'ம்' வரவில்லை. முழுசாக வார்த்தையே வந்தது.

"யாரு வண்டி?"

"உங்க வண்டிப்பா!" என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "ஹால்ல மாட்டியிருக்கே, நீங்க உக்காந்திருக்கற போட்டோ, அதே வண்டி!" என்று ஆய்வாளர் மூச்சுவாங்கச் சேர்த்துக்கொண்டார். "எயிட் எக்ஸ் ஒன்!"

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ம்?" என்றார். எழுபத்தைந்து வருடத்தில் அந்த 'ம்'முக்கு முதல்முறையாக ஒரு கேள்விக்குறி விழுந்தது.

அம்மா கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிக்கிற வரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அட பைத்தியங்களா, அது நான் பிரேம் வாங்கினப்ப கடைலயே உள்ள வெச்சுக் கொடுத்த படம்டா, எட்டுக்குப் பத்து சைஸுன்னு மூலைல போட்டிருக்குமே. எங்க கல்யாண போட்டோவை மாட்டலாம்னு அதை உருவப் போனேன், உங்கப்பாதான் தடுத்து, 'இந்த ஆளே நல்லா இருக்கான், இருந்துட்டுப் போகட்டும்'னார்!"